செண்பகமா, சண்பகமா, செம்பகமா?

மாமா இறந்து மூன்று மாதம் ஆகியும் அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. விசாரித்தால், தடையாக நின்றது ஒரு பூ.

அத்தையின் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. அந்த ஊர் அம்மன் பெயரே செண்பகவல்லி என்பதால் அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு செண்பகவல்லி இருப்பார்கள். வீட்டில் கூப்பிடுவது செம்பகம். எங்களுக்கு, அதாவது அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு, 'செம்பத்தை'.

மாமாவின் பணிப்பதிவேட்டில் அவள் 'சண்பகவல்லி'. தமிழ் படித்த யாரோ ஒரு எழுத்தர் நாற்பது வருடத்துக்கு முன்னால் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். ரேஷன் கார்டில் 'செண்பகவல்லி'. ஆதாரில் ஆங்கிலத்தில் எஸ், எச் போட்டு எழுதி, அதைக் கணினி தன் போக்கில் தமிழாக்கி 'ஷென்பகவல்லி' ஆக்கியிருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் சி, எச். அங்கே அவள் 'சென்', அதுவும் 'சென்னை'யில் வருகிற அழுத்தமான சென். கவுண்டரில் இருந்தவர், "இதுல எதும்மா உங்க பேரு?" என்று கேட்க, "நாலு பேரும் நாந்தான்" என்றாளாம்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. "ஏய்யா, நீதான் பழைய பொஸ்தகமா வாங்கி அடுக்கி வச்சிருக்கே. எது சரின்னு பாத்து ஒரு தாள்ல எழுதிக் குடு." ஒரு தாளில் முடிகிற சமாசாரம் இல்லை என்பது பார்க்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அத்தைக்கு எழுதிக் கொடுக்க முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பூவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் வேறொரு பூவை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். செண்பகம் பெரிய மரம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கிழக்கு இமயத்தின் அடிவாரத்திலும் அங்கிருந்து இந்தோசீனா வரைக்கும் ஈரக் காடுகளில் வளர்வது. பூ பொன் மஞ்சள், சில மரங்களில் ஆரஞ்சு. நீள நீளமான இதழ்கள். ஒரு பூவைச் சட்டைப் பையில் போட்டால் மறுநாள் துவைக்கும்போதும் மணக்கும். குற்றாலத்தில் செண்பகாதேவி அருவி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு என்று மலையடிவாரம் நெடுக இந்தப் பெயர் கிடக்கிறது. கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரத்தில் தல மரமே இதுதான். அங்கே சிவன் செண்பகாரண்யேஸ்வரர். மன்னார்குடிக்கும் செண்பகாரண்யம் என்று ஒரு பெயர் உண்டு.

வடமொழியில் இது 'சம்பக'. ரிக் வேதத்தில் இல்லாத சொல்; இதிகாசங்களுக்கு வந்தால் காடு மேடெல்லாம் பூக்கிறது. வறண்ட வடமேற்கில் வளராத ஒரு ஈரக்காட்டு மரத்துக்கு, கிழக்கே வந்த பிறகு அங்கிருந்தவர்களிடம் கேட்டுப் பெயர் வாங்கியிருப்பார்கள் என்பது என் எண்ணம். இப்படி ஐயப்படுகிற மொழியியலாளர்களும் உண்டு. எப்படியோ, அங்கிருந்து பெயர் நன்றாகவே ஊர் சுற்றியிருக்கிறது. சிங்களத்தில் தேய்ந்து 'சபு'. மலாயிலும் இந்தோனேசியாவிலும் 'செம்பாகா'. பிலிப்பைன்ஸில் 'சம்பாகா'. இன்றைய பீகாரின் பாகல்பூர் பக்கத்தில் இருந்த அங்க நாட்டின் தலைநகர் சம்பா. நடு வியட்நாமில் இருந்த அரசும் சம்பா. இந்த ஜோரில் மணிமேகலையின் சம்பாபதியையும் இதோடு முடிச்சுப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தப்பு. புகாரின் காவல் தெய்வமான அவளுடைய சம்பு, நாவல் மரம். நாவலந்தீவு என்கிறோமே, அந்த நாவல்.

இனி அத்தையின் ரேஷன் கார்டுக்கு வருவோம்.

'சண்பகம்' என்ற வடிவம்தான் தமிழில் பழையதாகக் கிடைப்பது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கிற 99 பூக்களின் பட்டியலில் இந்த வடிவில்தான் இருக்கிறது. ஆக, அந்த எழுத்தர் சங்க இலக்கியத்தின் பக்கம் நிற்கிறார். ஆனால் தொல்காப்பியர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். மொழிமரபில் அவர் சொல்வது, சகரம் அ, ஐ, ஔ என்ற மூன்று உயிரோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்பது. அப்படியானால் சண்பகமும் கிடையாது, சகடமும் கிடையாது, சட்டியும் கிடையாது. அந்த நூற்பாவில் பாடம் கெட்டிருக்கிறது, விலக்கியது ஔ ஒன்றைத்தான் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி நன்னூல் எழுதும்போது தகராறே வேண்டாம் என்று சகரத்துக்குப் பன்னிரண்டு உயிரையும் கொடுத்துவிட்டார். நாம் எல்லோரும் பவணந்தி போட்ட சாலையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

'செண்பகம்' எப்போது வந்தது? பெரியாழ்வார் கண்ணனைப் பூச்சூட்டக் கூப்பிடுகிற பதிகத்தில் முதல் பூவே செண்பகம். குலசேகராழ்வார் திருவேங்கடத்தில் ஒரு செண்பக மரமாக நின்றாலும் போதும் என்று ஆசைப்படுகிறார். அச்சுப் பதிப்புகளில் இரண்டு இடத்திலும் எகரம்தான். அதை நம்பினால் சுமார் ஆயிரத்து நூறு வருடமாவது ஆன வடிவம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. எனவே "செண்பகம் கொச்சை, சண்பகமே சுத்தம்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

அகரம் எகரமானதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், கங்கை கெங்கை ஆன கதை. ரங்கன் ரெங்கன், ஜயம் ஜெயம், ஜபம் ஜெபம், தண்டம் தெண்டம், கம்பீரம் கெம்பீரம். வேதாகமத் தமிழ் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இங்கேதான் எனக்கு இடித்தது. இந்தப் பட்டியலில் இருக்கிற சொற்களை மூலமொழியில் சொல்லிப் பாருங்கள்: முதல் ஒலி அதிர்ந்து வரும், அல்லது ர போன்ற மெல்லிய ஒலியாக இருக்கும். 'சம்பக'வின் ச அப்படி இல்லை, வல்லொலி. கங்கைக்கான சமாதானம் செண்பகத்துக்குச் செல்லாது.

வேறு இரண்டு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்று, வாய். ச சொல்லும்போது நாக்கின் நடு மேலே எழும்பி அண்ணத்தைத் தொடுகிறது. அங்கிருந்து அகரத்துக்கு முழுக்க இறங்காமல் பாதி வழியில் நின்றுவிட்டால் எகரம். கோயம்புத்தூர்ப் பக்கம் 'செரிங்க' என்பது இப்படி வந்ததுதான். மலையாளிகளும் செம்பகம் என்றே சொல்கிறார்கள். இரண்டாவது, காது. செம்பொன், செம்மலர், செம்பருத்தி என்று பழகின காதுக்கு இந்தப் பூவும் செம்மை சேர்ந்த ஏதோ ஒன்றாகக் கேட்டிருக்கும். பொன்னிறப் பூவாச்சே, பொருத்தமாகவும் இருக்கிறது. இதற்கு ஒரு பக்கச் சாட்சி உண்டு. செம்போத்துப் பறவையை ஈழத்தில் செண்பகம் என்கிறார்கள். செங்கபில நிறச் சிறகு, சிவந்த கண். பூவோடு அதற்கு எந்த உறவும் இல்லை. இந்தச் சொல்லில் சிவப்பு கேட்கிறது என்பதற்கு அந்தப் பறவையை விட நல்ல ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் என்னை அதிக நாள் தூங்கவிடாதது முதலெழுத்து இல்லை. நடுவில் இருக்கிற ண். மூலத்தில் 'சம்பக'. தமிழில் ம்ப என்ற சேர்க்கை சரளமாக வரும்: தம்பி, கம்பு, அம்பு. மகரத்தை அப்படியே வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. மலையாளம் வைத்திருக்கிறது. நாம் மட்டும் ஏன் வேலை மெனக்கெட்டு ணகரமாக மாற்றினோம்?

எண்பது என்று எழுதுகிறோம், எம்பது என்று சொல்கிறோம். ஒன்பது, ஒம்பது. காண்பி என்பது காம்பி ஆகி அதிலும் தேய்ந்து காமி ஆகிவிட்டது. பகரத்துக்கு முன்னால் எந்த மூக்கொலி வந்தாலும் உதடு மூடி மகரமாக்கிவிடும். வாயின் சோம்பல் அது. இது தெரிந்த எழுத்துக்காரன் என்ன செய்வான்? வாயில் ம்ப கேட்டால், எழுத்தில் அது ண்ப-வாக இருக்கவேண்டுமோ என்று சந்தேகப்படுவான். தம்பியை அவன் தண்பி ஆக்கமாட்டான், வீட்டுச் சொல், நன்றாகத் தெரியும். வெளியிலிருந்து வந்த சம்பகம் மாட்டிக்கொண்டது. நண்பு, பண்பு மாதிரி உயர்வாகத் தோன்றட்டும் என்று திருத்தியிருக்கிறான். திருத்தியதில் சரியாக இருந்தது கெட்டது. இது என் ஊகம்தான். ஆனால் இதை விட நல்ல விளக்கம் வரும் வரை இதோடுதான் குடித்தனம்.

ஆதாரின் 'ஷ' ஒரு தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனிக் காலத்து வெள்ளைக்காரர்கள் நம் சகரத்தை எஸ், எச் போட்டே பல இடங்களில் எழுதினார்கள். செங்கோட்டை, சீர்காழி, சேர்வராயன் மலை, சோழவந்தான், சோளிங்கர் எல்லாம் பழைய ரயில்வே அட்டவணைகளில் ஷகரத்தோடுதான் நிற்கும். நம் ச, அவர்கள் காதுக்கு 'ஸ'வுக்கும் 'ச்ச'வுக்கும் நடுவில் கேட்டிருக்கிறது. அந்த ஆங்கில எழுத்தை இப்போது கணினி திரும்பத் தமிழாக்கும்போது, சீர்காழி ஷியாலி ஆன மாதிரி, அத்தை ஷென்பகவல்லி ஆகிவிட்டாள். ஐரோப்பியர்களில் கேட்டதை ஒழுங்காக எழுதியவர்களும் இருந்தார்கள். கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்த வான் ரீட், மலையாள வைத்தியர் இட்டி அச்சுதனைப் போன்றவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதிய 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' ஆம்ஸ்டர்டாமில் 1678-இலிருந்து 1693 வரை 12 பாகமாக வந்தது. அதன் முதல் பாகத்திலேயே 'சம்பகம்' இருக்கிறது. 1753-இல் லின்னேயஸ் அதைப் பிடித்துக்கொண்டு 'மைக்கேலியா சம்பகா' என்று பெயர் வைத்தார். இன்று மக்னோலியாக்களோடு சேர்த்து 'மக்னோலியா சம்பகா'. குடும்பப் பெயர் மாறினாலும் சம்பகா மாறவில்லை.

இதற்கு நடுவில் மதுரைக்குப் போயிருந்தபோது, அத்தைக்கு நாலு செண்பகப்பூ வாங்கிப் போகலாம் என்று ஒரு பூக்கடையில் கேட்டேன். கடைக்காரர் "சம்பங்கியா? எத்தனை முழம்?" என்று வெள்ளை வெளேரென்று ஒரு சரத்தைத் தூக்கினார். தப்பு அவர் மேல் இல்லை.

சம்பங்கியும் இதே சொல்தான். தெலுங்கில் சம்பெங்க, சம்பங்கி, கன்னடத்தில் சம்பிகே. பெங்களூர் மல்லேஸ்வரத்தின் சம்பிகே ரோடும், கண்டீரவா ஸ்டேடியம் வருவதற்கு முன் அங்கே இருந்த சம்பங்கி ஏரியும் செண்பக மரத்தின் பெயர்கள். தெலுங்குக் கவிஞர்களுக்கு இந்தப் பூ மேல் தனிப் பைத்தியம். தேனீ தன்னை அண்டவில்லையே என்று வருந்திய சம்பங்கி தவமிருந்து பெண்ணின் மூக்காகப் பிறந்தது என்று ஒரு புகழ்பெற்ற பாட்டு உண்டு. அந்தப் பாட்டால்தான் நந்தி திம்மனாவுக்கு 'மூக்குத் திம்மனா' என்றே பெயர். தேனீ செண்பகத்துக்கு வராது என்பது வடமொழிக் கவிகளும் கட்டிக் காத்த மரபு. மக்னோலியாக் குடும்பத்துப் பூக்களுக்கு மகரந்தம் சுமப்பவை பெரும்பாலும் தேனீக்கள் இல்லை, ஓடு போர்த்த சிறு வண்டுகள்தான் என்று படித்தபோது, கவிஞர்கள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை என்று பட்டது.

சரி, கடைக்காரர் காட்டிய வெள்ளைப் பூ என்ன? அது மெக்சிகோவிலிருந்து வந்தது. அங்கே நவாத்தில் மொழியில் 'ஓமிஷோச்சித்', எலும்புப் பூ. ஸ்பானியர்கள் கடல் தாண்டிக் கொண்டுவந்து உலகம் முழுக்கப் பரப்பினார்கள். நம்மூருக்கு வந்தபோது அதற்குப் பெயர் வேண்டியிருந்தது. அந்தி சாய்ந்தபின் தூக்கலாக மணக்கிறது, இதழ் நீளம், ஆனால் மரம் இல்லை, கிழங்கிலிருந்து தரையில் முளைக்கிறது. நிலச்சம்பங்கி என்றார்கள். தெலுங்கிலும் அதே பொருளில் நேல சம்பங்கி. பிறகு சந்தையில் 'நில' உதிர்ந்தது. இன்று சத்தியமங்கலத்திலோ நிலக்கோட்டையிலோ சம்பங்கி கிலோ என்ன விலை என்று கேட்டால் யாரும் மரத்தை அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். விவசாயிகள் நடுகிற ரகம் ஒன்றின் பெயர் மெக்சிகன் சிங்கிள். அதையும் சிருங்காரையும் கலந்து பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது பிரஜ்வல். பிறந்த ஊரைப் பூ மறைக்கவே இல்லை; நாம்தான் கவனிக்கவில்லை.

ஆங்கிலத்திலும் இந்தப் பூவுக்கு இதே மாதிரி ஒரு விபத்து நடந்திருக்கிறது. அவர்கள் சொல்வது 'ட்யூப்ரோஸ்'. குழாய் மாதிரிக் காம்பு, ரோஜா மாதிரி மணம் என்று அவர்களே ஒரு சமாதானமும் வைத்திருப்பார்கள். உண்மையில் அது லத்தீன் 'ட்யூபரோசா', கிழங்குள்ளது என்று அர்த்தம். ட்யூபர் என்ற கிழங்கை நடுவில் வெட்டி, வாலில் ஒரு ரோஜாவை ஒட்டிவிட்டார்கள். நாம் சம்பகத்துக்குள் செம்மையைக் கேட்டதும் இதுவும் ஒரே காரியம்தான்.

இந்தப் பெயர் மாறாட்டம் வெறும் பூக்கடைப் பிரச்சினையாக இருந்தால் விட்டுவிடலாம். குறிஞ்சிப்பாட்டுப் பூக்கள் என்று இணையத்தில் சுற்றுகிற படத்தொகுப்புகளில் சண்பகத்துக்கு நேராக நிலச்சம்பங்கிப் படத்தைப் பார்த்திருக்கிறேன். பழைய உரைக்குறிப்பில் 'சண்பகம் - சம்பங்கி' என்று இருப்பதை, எழுதியவர் மரத்தை நினைத்து எழுதினார், படித்தவர் மாலையை நினைத்துப் படித்தார். 1500-க்கு முன் அமெரிக்காவை விட்டு வெளியே வராத ஒரு பூவைக் கபிலரின் தலைவி கையில் கொடுத்துவிட்டோம். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பாடம் படிக்கிறார்கள். உங்களிடம் அந்தப் படத்தொகுப்பு இருந்தால் தயவுசெய்து ஒரு மஞ்சள் பூவாக மாற்றிவிடுங்கள்.

அத்தை காரியத்துக்கு இதெல்லாம் உதவவில்லை. கடைசியில் வழக்கமான வழிதான்: 20 ரூபாய்ப் பத்திரத்தில் நான்கு பெயரையும் வரிசையாக எழுதி, நால்வரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் உறுதிமொழி. நானும் கூடப் போயிருந்தேன். அத்தை அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திக் கையெழுத்துப் போட்டாள். 'செம்பகம்'. மேலே இருக்கிற நாலில் எதிலும் சேராதது.

தட்டச்சு செய்த பையன் எட்டிப் பார்த்து, "பாட்டி, தப்பா எழுதிட்டீங்களே. மூணு சுழி ண் வரும்" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். சம்பகத்தின் மகரத்தைக் கைவிடாமல் வைத்திருக்கிறவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான், வான் ரீடும் லின்னேயஸும் மலையாள தேசமும் அவள் கட்சி என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அத்தை, "எங்க அய்யா சொல்லிக் குடுத்தது இப்படித்தான்" என்று பேனாவை மூடிவிட்டாள். நோட்டரி முத்திரை குத்தினார்.

ஓய்வூதிய ஆணை பங்குனியில் வந்தது. பணம் சரியாக இருந்தது. பெயர் 'சென்பகவள்ளி' என்று இருந்தது, ரெண்டு சுழி ன், கூடவே ஒரு புது ள். அத்தை தூரத்தில் வைத்து ஒரு தடவை படித்தாள். "அஞ்சாவது ஆளு வந்துட்டா" என்று மற்ற நாலோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.